அவுட் ஆகாத பெரியண்ணை

இரண்டு பகடைகளும் மேஜைவிரிப்பின் மேல் உருண்டு, காபி டவராவுக்குப் பக்கத்தில் போய் நின்றன. ஒன்று. ஒன்று.

மேஜையைச் சுற்றி நான்கு பேர். நால்வரும் படித்தவர்கள். நால்வருக்கும் உத்தியோகம் உண்டு. அவர்களில் ஒருவருக்கு, வளர்ந்த மனிதர்களை ஊசி போட்டு மயக்கத்தில் ஆழ்த்தும் உரிமையே உண்டு. அப்படிப்பட்ட நால்வரும் இரண்டு கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தபடி மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே, மாண்ட்ரியாலின் புறநகரான ரொக்ஸ்பரோ பனியில் புதைந்து கிடந்தது. என் கார் எங்கே இருக்கிறது என்பதை உத்தேசமாகத்தான் சொல்ல முடியும்.

டாக்டர் சுப்பையாவின் கை நீண்டது. "டவராவைத் தட்டிருச்சு. செல்லாது," என்று பகடைகளை அள்ளிக்கொண்டார்.

"ஆமாமா, தட்டித்து," என்றார் புரொபசர் ரங்கநாதன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு டவரா இருக்கட்டும், டாக்டரே தெரியமாட்டார்.

"நானும் பார்த்தேன்," என்றேன் நான், லீக்கின் தலைவன் என்ற முறையில்.

பகடை டவராவைத் தொடவேயில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. ஒத்திகை எதுவும் பார்க்காமல் மூன்று பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தோம்.

நான்காமவர் சிவஞானம். ஒன்றும் ஒன்றும் விழுந்தால் அவருடைய அண்ணன் அவுட். அந்த அண்ணன் காலமாகி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவரை அவுட் ஆக்க எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை.

காலமானவர் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எப்படி பேஸ்பால் ஆட வந்தார் என்பதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். போன வாரம் பனிப்பூட்ஸ் வாங்கிய கதையைச் சொல்லப் புகுந்து, நான் மெட்ராஸ் வரை பின்னால் போய்விட்டதாக வாசகர் ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். அவருக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். இந்த வாரம் மெட்ராஸில் நிற்கமாட்டேன். நேராக மன்னார்குடிதான்.

மன்னார்குடியின் பன்னிரண்டாவது ஆள்

மன்னார்குடியில் நான் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியில் இருந்தேன் என்று மாண்ட்ரியாலில் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மைதான். பதினொரு பேர் ஆடும் அணியில் நான் பன்னிரண்டாவது ஆள். தண்ணீர்ச் சொம்பு தூக்குவது என் இலாகா. யாருக்காவது காய்ச்சல் வராதா என்று இரண்டு வருடம் காத்திருந்தேன். கடைசியில் காய்ச்சல் எனக்குத்தான் வந்தது.

விளையாட்டில் என் முழுத் தகுதியும் அதுதான். பிற்பாடு கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் வரையும் எஞ்சினியராகி, கனடாவுக்கு வந்து, ஒரு லீக்குக்கே தலைவன் ஆனேன். காரணம் திறமை அல்ல. எங்கள் நாலு பேர் வீட்டில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் பெரிது.

நகரத்துக்குப் புதிதாக ஒரு பேஸ்பால் அணி வந்த சமயம் அது. ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. மூலையில் பாலும் சிகரெட்டும் விற்கும் தெபனேர்காரர்கூட, சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு முந்தின நாள் ஆட்டத்தைப் பிரெஞ்சில் விளக்குவார். நான் எல்லாவற்றுக்கும் "வி, வி" என்று ஆமாம் போடுவேன். ஒருநாள் நாங்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனோம். ஏப்ரல் மாதம். கோடை விளையாட்டு என்று சொல்லியிருந்தார்கள். மேல்கோட்டு, கம்பளித் தொப்பி, மடியில் போர்வை. வறுத்த கடலை கையில் எடுக்கும்போதே ஆறிப்போனது.

டாக்டர் சுப்பையா மதுரைக்காரர். அரை மணி நேரம் உன்னிப்பாகப் பார்த்துவிட்டு என் காதில் கேட்டார்: "ஏன்யா, அடிச்சிட்டு மட்டையைக் கீழே போட்டுட்டு ஓடுறானே, எவனாச்சும் எடுத்துட்டுப் போயிட்டா?"

விளையாட்டு எங்களுக்கு அன்றே பிடித்துப்போனது. குளிர்தான் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடமுடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டே திரும்பினோம்.

சர்வகால லீக்

வழி செய்தவர் ரங்கநாதன். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியர், திருச்சிக்காரர். பெரிய கடையொன்றின் நிலவறை விளையாட்டுச் சாமான் பகுதியில், மேஜைமேல் ஆடும் பேஸ்பால் என்று போட்ட ஒரு அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாணவர்களுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுக்க என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். என் மனைவி கமலாவிடம் நானும் அதையே சொன்னேன். "உங்களுக்கு ஏதுங்க மாணவர்கள்?" என்று கேட்டாள்.

பெட்டிக்குள் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. இரண்டு பகடைகளை உருட்டவேண்டும். விழுந்த கூட்டுத்தொகையை அட்டையில் பார்த்தால், அவர் என்ன செய்தார் என்று போட்டிருக்கும். அடித்தார், அவுட் ஆனார், மைதானத்துக்கு வெளியே பறக்கவிட்டார். கெட்டிக்காரருக்கு நல்ல எண்கள் அதிகம். மற்றவர்களுக்குக் குறைவு. அவ்வளவுதான் சங்கதி.

எங்களைப் பிடித்து இழுத்தது வேறு ஒன்று. பழைய காலத்து ஆட்டக்காரர்களின் அட்டைகளும் தபாலில் கிடைத்தன. அரை நூற்றாண்டுக்கு முன் பந்து வீசியவர் கையிலிருந்து வரும் பந்தை, நேற்று டெலிவிஷனில் பார்த்த பையன் அடிக்கலாம். நாங்கள் பிறப்பதற்கு முன்பே ஒருவர் ஓய்வு பெற்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லோரும் அவரவருடைய ஆகச் சிறந்த வருடத்தோடு வருவார்கள். யாருக்கும் மூட்டுவலி கிடையாது.

நாலு பேருக்கும் நாலு அணி. மன்னார்குடி, மதுரை, திருச்சி, இலங்கைக்காரரான சிவஞானத்தின் பருத்தித்துறை. வெள்ளைக்கார ஆட்டக்காரர்களின் பெயர்கள் நாக்கில் புரளாததால் நாங்களே பெயர் வைத்தோம். தொந்தியும் குலுங்கும் ஓட்டமுமாக இருந்த ஒரு பெரிய அடிக்காரர் 'சமையல்காரர்' ஆனார். மன்னார்குடிக்கு ஆடினார். அவர் இருந்தும் மன்னார்குடி தோற்றுக்கொண்டே இருந்தது என்றால், மற்றவர்களை நான் தேர்ந்தெடுத்த அழகை யூகித்துக்கொள்ளலாம். சுப்பையா இறந்துபோனவர்களாகவே பொறுக்கி எடுத்தார். "இவங்களுக்கு இனிமே ஒண்ணும் ஆகாது," என்பது அவருடைய வைத்திய அபிப்பிராயம்.

பெட்டியில் இல்லாதவர்களும் இருந்தார்கள். நிறத்தைக் காரணம் காட்டிப் பெரிய லீக்கில் ஆடவிடாமல் வெளியே நிறுத்தி வைத்த கறுப்பு வீரர்கள். அவர்களுக்கு அட்டை வரவில்லை. சிவஞானம்தான் அதைக் கவனித்தார். "உவையையும் உள்ளை விடுவம். எங்கட லீக்கிலையாவது ஆடட்டும்," என்றார். ரங்கநாதன் நூலகத்தில் பழைய பத்திரிகைகளைத் தோண்டி, ஆட்டக் கணக்குகளைத் திரட்டி, கெட்டி அட்டையில் தன் கையாலேயே அட்டைகள் செய்துகொண்டு வந்தார். பெட்டியில் இல்லாத ஆளுக்கும் அட்டை செய்யலாம் என்பது அப்படித்தான் எங்கள் லீக்கில் வழக்கமாயிற்று.

தந்தி

சிவஞானம் லாசாலில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் ரசாயனக்காரர். எங்கள் மூவரையும்விட இளையவர், மனைவி மக்கள் கிடையாது. லண்டன் வழியாக வந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து, ரயில் பிடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு ரொக்ஸ்பரோ வந்துவிடுவார். சாம்பாரில் புளி போதாது என்று கமலாவிடம் சொல்லும் துணிச்சல் அந்த வீட்டிலேயே அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

இலையுதிர் காலத்தின் கடைசியில் அவருக்குத் தந்தி வந்தது. பருத்தித்துறையில் அவருடைய மூத்த அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அவர்கள் கந்தோர் என்று சொல்லும் ஆபீஸ் உத்தியோகம், நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. தந்தி கைக்கு வந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. புறப்பட்டுப் போவதில் அர்த்தமில்லை என்று வீட்டிலிருந்தே சொல்லிவிட்டார்கள்.

அடுத்த இரண்டு ஞாயிறு அவர் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தார். கோட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"அண்ணை, என்ர அணியிலை ஒரு ஆளை மாத்தலாமோ?"

"தாராளமா. யாரைப் போடப்போறீங்க?"

"எங்கட பெரியண்ணையை."

வானொலியை யாரோ நிறுத்தினார்கள். சிவஞானம் அவசரமாகச் சொன்னார்: "அவர் பேஸ்பால் ஆடேல்லை. தெரியும். கிரிக்கெற்தான். ஆனால் நல்லாய் அடிப்பார்."

சுப்பையா என்னைப் பார்த்தார். நான் ரங்கநாதனைப் பார்த்தேன். ரங்கநாதன் பேனாவைத் திறந்தார்.

"எந்த வருஷத்து அண்ணாவைப் போடறது?" என்று கேட்டார். சட்டப்படி அது சரியான கேள்வி.

சிவஞானம் யோசிக்கவே இல்லை. "இருபத்திரண்டு வயசு. அப்ப எனக்கு ஒன்பது. எல்லைக்கோட்டிலை இருந்து எல்லா மட்சும் பார்த்தனான்."

பேராசிரியரின் கணக்கு

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு அன்று நடந்தது.

சிவஞானம் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனார். இந்த ஆட்டத்தில் ஐம்பது, அந்த ஆட்டத்தில் எழுபது. ரங்கநாதன் எழுதிக்கொண்டார். கிரிக்கெட்டில் ஒருவர் ஐம்பது ஓட்டம் எடுத்துவிட்டு ஒரே தடவை அவுட் ஆகிறார். பேஸ்பாலில் மகா கெட்டிக்காரனும் மூன்று தடவை வந்தால் இரண்டு தடவை அவுட். ஒன்றை மற்றதாக மாற்றவேண்டுமானால் நடுவில் நிறையக் கழிக்கவேண்டும். ரங்கநாதன் கழிக்கவில்லை. ஐம்பது ஓட்டத்தை ஐம்பது வெற்றி என்று எடுத்துக்கொண்டு அட்டை போட்டார். அதன்படி பெரியண்ணைக்கு ஒன்றும் ஒன்றும் விழுந்தால் மட்டுமே அவுட். மற்ற எந்த எண் விழுந்தாலும் அடி.

இந்தத் தவறுக்காகத் தன் மாணவர்களை ஈவிரக்கமில்லாமல் ஃபெயிலாக்குகிறவர் அவர். வேண்டுமென்றே செய்தாரா என்று அப்புறம் பல தடவை கேட்டுப் பார்த்தேன். "அன்னிக்கு ஜலதோஷம்," என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. சுப்பையாவுக்கும் தெரிந்திருக்கும். நாங்கள் பேசாமல் இருந்தோம். சிவஞானத்தின் முகத்தைப் பார்த்த யாரும் பேசியிருக்கமாட்டார்கள்.

பெரியண்ணை ஆட வந்தார். வந்த முதல் பந்தே மைதானத்துக்கு வெளியே. அடுத்ததும் வெளியே. உலகத்தின் பெரிய பெரிய பந்துவீச்சாளர்கள் எல்லாம் கல்லறையிலிருந்து எழுந்து வந்து அவரிடம் உதை வாங்கினார்கள். பருத்தித்துறை எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தது. சிவஞானம் முதல் ஞாயிறு பூரித்துப்போனார். இரண்டாவது ஞாயிறு புன்னகைத்தார். பிறகு வர வர அவருடைய பேச்சு குறைந்தது. பகடை உருளும்போது அவர் பகடையைப் பார்க்காமல் எங்கள் முகங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

கமலா ஒரு நாள் சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மனுஷர் எப்பவுமே அவுட் ஆகறதில்லையா?"

"இல்லை."

"அப்போ எதுக்குங்க பகடையை உருட்டறீங்க?"

நான் வடைத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டேன்.

தட்டவில்லை

ஆகவே, ஒன்றும் ஒன்றும் விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. பருத்தித்துறைக்கும் மதுரைக்கும் ஆட்டம். பந்து வீசும் அணிக்காரர்தான் பகடை உருட்டவேண்டும் என்பது எங்கள் விதி. டாக்டர் பகடையைக் கைக்குள் குலுக்கி, மறுபடி போடத் தயாரானார். சிவஞானம் எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"டொக்டர், அது தட்டேல்லை."

"தட்டுச்சுப்பா. நான் பார்த்தேன்ல?"

"இல்லை, டொக்டர். எனக்குக் கண் தெரியும்."

டாக்டர் கையைத் தாழ்த்தினார். வெந்நீர்க் குழாய் எங்கேயோ டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

"நீங்கள் எல்லாரும் எனக்காகத்தான் செய்யிறீங்கள் எண்டு விளங்குது," என்றார் சிவஞானம். "முதல் கிழமை அவர் வந்து அடிக்கேக்கை எனக்குச் சந்தோசமாய்த்தான் இருந்தது. பேந்து பார்க்கப் பார்க்க, உது ஆரோ வேறை ஆள். எங்கட பெரியண்ணை இல்லை. எனக்கு அவரைக் காணவேணும். இவரை இல்லை."

ரங்கநாதன் மெல்லச் சொன்னார்: "நீங்க சொன்ன ஸ்கோரை வச்சுத்தானே போட்டேன்?"

"நான் நல்லதை மட்டும்தான் சொன்னனான், புரொபசர். செத்தவீட்டிலை ஆரும் மற்றதைக் கதைப்பினமோ?"

காபி கொண்டு வந்த கமலா கதவருகிலேயே நின்றுவிட்டிருந்தாள். "சரி, நிஜத்துல உங்க அண்ணா எப்படி அவுட் ஆவார்?" என்று கேட்டாள், ஏதோ சாம்பாருக்கு எவ்வளவு புளி என்று கேட்பதுபோல.

சிவஞானம் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்பிடியோ? ஒரேயொரு மாதிரித்தான், அக்கா! ஒரு பந்தை நல்லாய் அடிச்சுப்போட்டார் எண்டால் போச்சு. தலை நிமிர்ந்திடும். அடுத்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு வானத்துக்கு அடிப்பார். அது மேலை போகும், மேலை போகும், கீழை ஒருத்தன் ஆறுதலாய் நிண்டு பிடிப்பான். ஊர் முழுக்கத் தெரியும். பெரியண்ணை ஒரு நாலு அடிச்ச உடனை மற்றப் பக்கத்துக் கப்டன் பந்து போடுறவனோடை கதைக்கமாட்டான். பிடிக்கிறவனைத்தான் பின்னுக்குப் போகச் சொல்லுவான். சனம் எல்லாம் 'பொறு ராசா, பொறு' எண்டு கத்தும். எங்கட ஐயா மதகிலை ஏறி நிண்டு கத்துவார். பொறுத்தால்தானே!"

அவர் சிரித்தார். தந்தி வந்த பிறகு நாங்கள் பார்த்த முதல் வாய்விட்ட சிரிப்பு.

ரங்கநாதன் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "ஓய்! அப்போ ஒவ்வொரு அடியும் தனித்தனிச் சம்பவம் இல்லே! முந்தினது எப்படி ஆச்சோ, அதைப் பொறுத்து அடுத்தது மாறறது! இந்தப் பெட்டியில இப்படி ஒரு ஆட்டக்காரன் கிடையவே கிடையாது, தெரியுமோ? ஏன்யா இதை முதல்லயே சொல்லலே?"

புது அட்டை

அங்கேயே, வடைத்தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, புதிய அட்டை தயாரானது. இரண்டு பக்கம். முன்பக்கத்தில் சுமாரான, நியாயமான ஓர் ஆட்டக்காரர். இந்தத் தடவை கழிக்கவேண்டியதெல்லாம் கழிக்கப்பட்டது. ஒரு தடவை நன்றாக அடித்தாரானால் அட்டையைத் திருப்பிவிடவேண்டும். பின்பக்கத்தில் ஏறக்குறைய எல்லா எண்ணுக்கும் நேரே ஒரே வாசகம்: 'வானத்துக்கு அடித்துப் பிடிபட்டார்.'

"ஒரு தடவையாவது அது தப்பிச்சுப் போயிருக்குமே?" என்று கேட்டார் ரங்கநாதன்.

"ஒருக்காப் போனது. கோயில் கேணிக்குள்ளை விழுந்தது. பந்து எடுக்க நான்தான் இறங்கினனான்."

ஆறும் ஆறும் விழுந்தால் கேணி என்று எழுதிக்கொண்டார்.

டவராவைத் தட்டாத அந்த ஒன்றும் ஒன்றும் அவுட் என்று முதலில் அறிவித்தேன். தலைவனாக நான் எடுத்த ஒரே நேர்மையான முடிவு. ஆட்டம் தொடர்ந்தது. பெரியண்ணை அடுத்த தடவை வந்தபோது ஐந்து விழுந்தது. அழகான அடி. ஆனால் ஒரு மயக்க மருந்து நிபுணர் நடத்தும் அணிக்கு எதிராகப் பருத்தித்துறையின் மற்ற எட்டுப் பேரும் அரைத்தூக்கத்தில் ஆடினார்கள். அட்டையைத் திருப்பி வைத்தோம்.

கடைசி இன்னிங்ஸ். பருத்தித்துறை ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தது. மைதானத்தில் இரண்டு பேர் ஓடத் தயாராக நின்றார்கள். இன்னும் ஒரே அவுட்தான் மிச்சம். முறை பெரியண்ணையுடையது; அட்டை பின்பக்கத்தில் கிடந்தது.

நான் தொண்டையைக் கனைத்தேன். "விதிப்படி இப்ப மாற்று ஆளை இறக்கலாம், சிவஞானம்."

"விசர்க்கதை கதையாதேங்கோ, அண்ணை."

டாக்டர் பகடையைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். "ஆபரேஷன் தியேட்டர்ல கூட நான் இவ்வளவு யோசிச்சதில்லைப்பா," என்றார்.

"பயப்பிடாமல் போடுங்கோ, டொக்டர்." சிவஞானம் எழுந்து நின்றார். அட்டையைப் பார்த்து, தணிந்த குரலில், எங்களுக்காக அல்லாமல், "பொறுங்கோ அண்ணை. அவசரப்படாதேங்கோ. பொறுங்கோ," என்றார்.

நாலும் மூன்றும் விழுந்தது.

அட்டையைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. சிவஞானம் இரண்டு கையாலும் மேஜையை அறைந்தார். டவரா கவிழ்ந்து காபி முழுவதும் கமலாவின் விரிப்பில் ஓடியது. "சொன்னனானே! பார்த்தியளோ! ஒருநாளாவது சொல்வழி கேட்டிருக்கிறாரோ! பொறுங்கோ எண்டால்!" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் கோபமும் சிரிப்பும் ஒன்றாக இருந்தன. பிறகு உட்கார்ந்து, முகத்தை இரண்டு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டார். நாங்கள் மூவரும் விரிப்பைத் துடைக்கும் வேலையில் இறங்கினோம். ஒரு டவரா காபியைத் துடைக்க மூன்று பேர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதை அதற்கு முன்னும் பின்னும் கமலா பார்த்ததில்லை.

ரங்கநாதன் கிளம்பும்போது யோசனை சொன்னார். "அடுத்த வாரத்துலேர்ந்து அவரை எட்டாவதா இறக்கினா சேதாரம் குறையும்."

"சீச்சீ! பள்ளிக்கூடத்திலையும் அவர்தான் முதல் ஆள். தோத்தால் தோக்கட்டும்."

பொழுது சாய்ந்ததும் காரைத் தோண்டி எடுத்து, சிவஞானத்தை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். மேடையில் நிற்க முடியாத குளிர். காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காத்திருந்தோம். அவர் பேசிக்கொண்டே இருந்தார். பக்கத்து ஊரான வதிரியில் ஒரு ஆட்டம், பெரியண்ணை பெண் பார்க்கப் போன வாரத்தில். மாமனார் ஆகப் போகிறவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முதல் பந்து நாலு.

ரயில் வந்து, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போயிற்று.

"சிவஞானம், ரயில்," என்றேன்.

"அடுத்ததிலை போறன், அண்ணை. நீங்கள் இதைக் கேளுங்கோ. இப்ப இரண்டாவது பந்து வருது."

கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ரயில் வருவதற்குள் பெரியண்ணை இன்னும் இரண்டு மூன்று தடவை அவுட் ஆனார்.